பந்து மலையேறினால் என்ன ஆகும்?

நம்மிடம் புத்தம் புதிய டென்னிஸ் பந்து ஒன்று இருக்கிறது. பதுளையில் ஒரு சீமெந்துத் தரையில் அதை விழவிட்டுப் பார்க்கிறோம். பிறகு ரயிலேறி ஹப்புத்தளைக்குப் போய், அதே உயரத்திலிருந்து அதே பந்தை விழவிடுகிறோம். இரண்டு இடத்திலும் வெப்பநிலை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பந்து கூடுதலாக எழும்பும்?

ஹப்புத்தளையில்தான்! பந்து மாறவில்லை. அதைச் சுற்றியுள்ள காற்று மாறிவிட்டது.

பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளையோ சுமார் 1,430 மீற்றர். மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறையும். கடற்கரையில் அது 100 பங்கு என்றால், பதுளையில் ஏறக்குறைய 92 பங்கு, ஹப்புத்தளையில் 84 பங்கு. டென்னிஸ் பந்துக்குள்ளே காற்றை அமுக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே அமுக்கம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்றின் கை ஓங்கும். கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பைக்கற் மலைக்கு வந்ததும் உப்பிக்கொள்கிறதே, அதே கதைதான். பந்தின் ரப்பர் உப்புவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விறைப்பு ஏறும், துள்ளலும் கூடும்.

இன்னொன்றும் நடக்கும். மலைக்காற்று அடர்த்தி குறைந்தது. பறக்கும் பந்தை அது அவ்வளவாகத் தடுக்காது. கீழே கோட்டுக்குள் விழும் அடி, மேலே கோட்டைத் தாண்டிவிடும். பந்தைச் சுழற்றி அடித்தாலும் வழக்கம்போல வளையாது.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதி இதற்கு ஒரு வழி சொல்கிறது. வழக்கமான பந்தை 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கடினமான தரையில் விழவிட்டால், 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும். 1,219 மீற்றருக்கு மேலுள்ள ஊர்களில், 122 முதல் 135 வரை மட்டும் எழும்பும் பந்தையும் பயன்படுத்தலாம். அந்த எல்லை ஏறக்குறைய நம் பண்டாரவளையின் உயரம்!

ஊருக்கு ஊர் காற்று மாறுவதை இரண்டு பெண்கள் போட்டிகளை வைத்துப் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் பெண்கள் போட்டி நடந்தது. ஒற்றையர் இறுதியாட்டத்தில் 17 வயதுச் செக் வீராங்கனை லின்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்டா லினெட்டை வென்றார். சென்னை கடலோர நகரம், அங்கே காற்று அடர்த்தியானது. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவிலும் பெண்கள் போட்டி நடக்கிறது. அந்த நகரம் நம் பிதுருதலாகலை உச்சியின் உயரமான 2,524 மீற்றரையும் விட உயரத்தில் இருக்கிறது! அங்கே காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை. அந்த மெல்லிய காற்றில் பந்தை அடக்கி ஆடி, கொலம்பிய வீராங்கனை கமிலா ஒசோரியோ 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

மலையில் குளிரும் உண்டல்லவா? அது பந்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். குளிர்ந்தால் பந்துக்குள் இருக்கும் காற்றின் அமுக்கம் குறையும். ரப்பரும் இறுகி, விழுந்த சக்தியில் கூடுதல் பங்கை வீணாக்கிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். மென்பந்து கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து ஒன்று போதும். சுவரில் ஒரு மீற்றர் உயரத்தில் சோக்கால் கோடு போடுங்கள். இரவில் பந்தைப் பொலித்தீன் பையில் கட்டி, பனியில் நனையாமல் வெளியே வையுங்கள். விடிந்ததும் கோட்டின் உயரத்திலிருந்து ஐந்து தரம் விழவிட்டு, எழும்பும் உயரத்தை நண்பரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு அதே பந்தை வெயிலில் வைத்து, நண்பகலில் அதே தரையில் மறுபடி ஐந்து தரம் அளந்து பாருங்கள். பந்தை எறியக் கூடாது, கையை விட்டால் போதும்.

இரண்டு சராசரிகளையும் கொப்பியில் எழுதி, விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள். இன்னொரு ஊரில் உறவினர் இருந்தால், அங்கே போகும்போது பந்தையும் அளவுநாடாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்!