குள்ளம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்... இன்று வாசலில் சிலை நிற்கிறது!

1982-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஈஸ்ட் ஆரஞ்சு என்ற ஊர். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் மரவேலையும் புகைப்படக் கலையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் 23 வயது இளைஞர் ஒருவர். வகுப்பு முடிந்ததும் பள்ளியின் கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர். பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு சாதாரண வாத்தியார். ஆனால், அந்த வாத்தியாருக்குள் ஒரு வலி இருந்தது. ஒரு வருட இடைவெளியில் இரண்டு தொழில்முறை அணிகள் அவரை ‘வேண்டாம்’ என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தன. திறமை போதாது என்பதற்காக அல்ல. உயரம் போதாதாம்!

அவர் பெயர் சாம் மில்ஸ். உயரம், 5 அடி 9 அங்குலம்.

நம்மூரில் இது நல்ல உயரம்தான். கல்யாணத் தரகரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால், சாம் மில்ஸ் பிழைக்க நினைத்த இடம் வேறு.

உயரம் ஏன் முக்கியம்?

அமெரிக்கக் கால்பந்து என்றதும் நாம் பார்க்கும் கால்பந்தை நினைக்க வேண்டாம். பெயரில்தான் கால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஓர் அணிக்கு 11 பேர். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். 100 கெஜ நீள மைதானம். பந்து வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். எதிரணியின் வேலை, வருபவரைப் பிடித்துக் கீழே தள்ளுவது.

தடுக்கும் அணியின் முன்வரிசையில் மலை போன்ற ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்தான் லைன்பேக்கர். பந்து ஓடி வந்தால் ஓடுபவரை மடக்க வேண்டும். எறிந்தால் பின்னால் ஓடிப் பந்தை மறிக்க வேண்டும். எதிரணியின் முதுகெலும்பான குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து பிடிக்கவும் வேண்டும். நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எதிரணி நிற்கும் விதத்தை வைத்து அடுத்து என்ன வரப்போகிறது என்று கணித்து, தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்து இடம் மாற்றுவார். கபடியில் பாடி வருபவரின் காலைப் பார்த்தே திட்டத்தைக் கண்டுபிடிக்கும் பிடியாளர் மாதிரி.

சிக்கல் என்னவென்றால், அவர் கண்ணுக்கு எதிரே நிற்பவர்களும் மலைகள்தான். ஆறேகால் அடி, ஆறரை அடி உயரம். 130 கிலோ எடை. அவர்களைத் தாண்டி ஒரு 5 அடி 9 அங்குல ஆள் எப்படிப் பார்ப்பார்? தலைக்கு மேல் பறக்கும் பந்தை எப்படிப் பிடிப்பார்? தேர்வாளர்களின் இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்கள். பதிலை அவர் ஆட்டத்தில் தேடவில்லை.

இரண்டு முறை மூடிய கதவு

சாம் மில்ஸ் படித்தது மான்ட்க்ளேர் ஸ்டேட் கல்லூரியில். கல்லூரி விளையாட்டுகளின் மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்த கல்லூரி அது. அந்த நிலையில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பெரிய அணிகளின் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் அபூர்வம். அங்கே எதிராளிகளை மடக்குவதில் கல்லூரிச் சாதனைகளைப் படைத்தார் மில்ஸ். ஆனாலும், என்.எஃப்.எல். அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

1981-ல் க்ளீவ்லண்ட் ப்ரவுன்ஸ் அணி முயற்சி செய்து பார்க்கச் சொன்னது. போனார். சீசன் தொடங்குவதற்கு முன் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் கனடாவின் டொரண்டோ ஆர்கோநாட்ஸ் அணி. அங்கும் அதே கதை. ஊர் திரும்பி, சுண்ணக்கட்டியையும் இழைப்புளியையும் கையில் எடுத்தார்.

பலருடைய கதை இங்கேயே முடிந்துவிடும். மில்ஸுக்குக் கதவைத் திறந்தது, முதலில் கதவை மூடிய இடமே என்பதுதான் வேடிக்கை. 1983-ல் யு.எஸ்.எஃப்.எல். என்ற புதிய லீக் தொடங்கியது. என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக, வசந்த காலத்தில் நடந்த லீக் அது. அதில் ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ் அணியை உருவாக்கிக்கொண்டிருந்தார் பொது மேலாளர் கார்ல் பீட்டர்சன். அவரிடம் மில்ஸைப் பரிந்துரைத்தவர் சாம் ருட்டிக்லியானோ. மில்ஸை அனுப்பிவிட்ட அதே க்ளீவ்லண்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளர்!

வயல் எலி

ஸ்டார்ஸ் அணியில் மில்ஸுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. ‘ஃபீல்ட் மவுஸ்’. வயல் எலி. கேலியாகத் தோன்றினாலும் பெயர் பொருத்தமானது. முட்டி மோதும் இந்த ஆட்டத்தில் யாருடைய தோள் தாழ்வாக இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும். உயரமானவர்கள் குனிந்து, முழங்காலை மடக்கி, கஷ்டப்பட்டுப் பெறும் அந்தத் தாழ்வு மில்ஸுக்குப் பிறவியிலேயே இருந்தது. 130 கிலோ ஆளின் நெஞ்சுக்குக் கீழே புகுந்து நெம்பினால், மலையும் நகரும். குறை என்று எழுதிவைத்தது, களத்தில் கருவியாகிவிட்டது.

எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்த நிலையில் நின்றால் எந்த ஆட்டம் வரும் என்பது மனப்பாடம். மற்றவர்கள் பார்த்துவிட்டு ஓடினார்கள். மில்ஸ் பார்க்கும் முன்பே ஓடத் தொடங்கியிருப்பார்.

ஸ்டார்ஸ் அணி மூன்று வருடங்களும் இறுதிப் போட்டிக்குப் போனது. 1984, 1985 என இரண்டு முறை கோப்பையை வென்றது. பிறகு அந்த லீக்கே மூடப்பட்டது. அணியின் பயிற்சியாளர் ஜிம் மோரா, 1986-ல் என்.எஃப்.எல்.லின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குப் பொறுப்பேற்றார். கையோடு மில்ஸையும் அழைத்துப் போனார். ‘நான் பயிற்சி கொடுத்தவர்களிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர்’ என்று பின்னாளில் மோரா சொன்னது மில்ஸைத்தான். என்.எஃப்.எல். மைதானத்தில் முதல்முறையாக அவர் இறங்கியபோது வயது 27.

காகிதப் பையைக் கழற்றிய ஊர்

செயின்ட்ஸ் எப்படிப்பட்ட அணி? 1967-ல் தொடங்கி 20 சீசன்கள் ஆடியும் ஒரு சீசனில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறாத அணி. 1980-ல் 16 ஆட்டங்களில் 15 தோல்வி. வெட்கம் தாங்காத ரசிகர்கள், முகம் தெரியாமல் இருக்கக் காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்தார்கள்!

மில்ஸ் வந்த மறுவருடம், 1987-ல் நிலைமை தலைகீழானது. 12 வெற்றி, 3 தோல்வி. முதல்முறையாக ‘ப்ளே ஆஃப்’ சுற்றுக்குள் நுழைந்தது அணி. ரிக்கி ஜாக்சன், வான் ஜான்சன், பாட் ஸ்விலிங், சாம் மில்ஸ் என்ற நான்கு லைன்பேக்கர்களையும் ‘டோம் பட்ரோல்’ என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1992 சீசனில் நால்வருமே நட்சத்திர ஆட்டமான ‘ப்ரோ பவுல்’ போட்டிக்குத் தேர்வானார்கள். ஒரே அணியின் நான்கு லைன்பேக்கர்கள் சேர்ந்து தேர்வானது அதுவே முதல்முறை.

ஆனாலும், மில்ஸ் அங்கிருந்த ஒன்பது வருடங்களில் நான்கு முறை ப்ளே ஆஃப் சுற்றுக்குப் போன செயின்ட்ஸ், அதில் ஓர் ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை. அந்த ஏக்கம் அவரோடு கூடவே வந்தது.

36 வயதில் புது அணி

1995-ல் கரோலினா பாந்தர்ஸ் என்ற அணி புதிதாகப் பிறந்தது. ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டிய 36 வயதில் அதற்காகக் களமிறங்கினார் மில்ஸ். முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. ஆறாவது ஆட்டம், அக்டோபர் 15, நியூயார்க் ஜெட்ஸ் அணியுடன். எதிரணி குவார்ட்டர்பேக் அருகில் இருந்தவருக்குத் தட்டிவிட்ட பந்தை, இடையில் புகுந்து பிடித்தார் மில்ஸ். 36 கெஜம் ஓடி டச் டவுன்! பாந்தர்ஸின் சரித்திரத்தில் முதல் வெற்றி அன்றுதான் பதிவானது.

மறுவருடம் அணி 12 ஆட்டங்களில் வென்று ப்ளே ஆஃப் சுற்றுக்குப் போனது. நடப்பு சாம்பியனான டல்லஸ் கௌபாய்ஸைத் தோற்கடித்தது. பத்து வருடங்களாக மில்ஸ் காத்திருந்த ப்ளே ஆஃப் வெற்றி. அந்த சீசனில் 37 வயது மில்ஸ் மீண்டும் ‘ப்ரோ பவுல்’ போட்டிக்குத் தேர்வானார். அது ஐந்தாவது முறை. 1997 சீசனோடு ஓய்வு. என்.எஃப்.எல்.லில் 12 சீசன்கள், 181 ஆட்டங்கள். இன்று சார்லட் நகரில் பாந்தர்ஸ் மைதானத்துக்கு வெளியே அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது.

ஓய்வுக்குப் பிறகு அதே அணியில் பயிற்சியாளரானார். பழைய வாத்தியார் வேலைதான். மாணவர்கள்தான் கொஞ்சம் பெரியவர்கள்.

அளவுகோல் இல்லாத எதிரி

2003 ஆகஸ்ட். மில்ஸுக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. சில மாதங்கள்தான் என்றார்கள் மருத்துவர்கள். அதே மாதத்தில் இன்னொரு இடி. அவரிடம் பயிற்சி பெற்ற லைன்பேக்கர் மார்க் ஃபீல்ட்ஸுக்கும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே அணியில், ஒரே பிரிவில், குருவுக்கும் சிஷ்யனுக்கும்.

மில்ஸ் வேலையை விடவில்லை. கீமோதெரபி எடுத்துக்கொண்டே பயிற்சி மைதானத்துக்கு வந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் 16-ல் 15 ஆட்டங்களில் தோற்ற பாந்தர்ஸ், அந்த சீசனில் ப்ளே ஆஃப் சுற்றுக்கு முன்னேறியது. 2004 ஜனவரியில் டல்லஸ் அணியுடன் மோதல். ஆட்டத்துக்கு முன் மில்ஸ் வீரர்களிடம் பேசினார். நோய் இருப்பது தெரிந்தபோது தன் முன் இரண்டே வழிகள் இருந்தன என்றார். ஒன்று, விட்டுவிடுவது. இன்னொன்று, ‘கீப் பவுண்டிங்’. அதாவது, மோதிக்கொண்டே இரு. தான் மோதிக்கொண்டே இருப்பதாகச் சொன்னவர், நீங்களும் மோதிக்கொண்டே இருங்கள் என்று முடித்தார். அறையில் இருந்த முரட்டு ஆட்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும் ஜெயித்து சூப்பர் பவுல் இறுதிப் போட்டி வரை போனார்கள். சினிமாவாக இருந்தால் கோப்பையோடு முடிந்திருக்கும். நிஜத்தில், ஆட்டம் முடிய 4 விநாடி இருந்தபோது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 32-29. பாந்தர்ஸ் தோற்றது.

மார்க் ஃபீல்ட்ஸ் குணமாகி, 2004 சீசனில் மீண்டும் களமிறங்கி, ‘ப்ரோ பவுல்’ வரை போனார். மில்ஸ் குணமாகவில்லை. மாதக்கணக்கு சொன்ன நோயோடு ஒன்றரை வருடத்துக்கு மேல் போராடி, 2005 ஏப்ரல் 18-ம் தேதி காலமானார். வயது 45.

‘மோதிக்கொண்டே இருந்தால் ஜெயிக்கலாம்’ என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோல்வியும் சாவும் எதிரே நிற்பது தெரிந்தவர் சொன்ன வார்த்தை அது. அதனால்தான் அது வெறும் சுவரொட்டி வாசகமாகக் கரைந்துபோகவில்லை. அவர் அணிந்த 51-ம் எண்ணை பாந்தர்ஸ் இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. ‘கீப் பவுண்டிங்’ என்ற சொல் வீரர்களின் சட்டைக் காலரின் உட்புறம் இருக்கிறது. அதே பெயரில் ஒரு நிதி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுகிறது. சொந்த மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பெரிய முரசு அதிர்கிறது. அதை அடிக்க அழைக்கப்படுவது ஒரு கௌரவம்.

கடைசி வாய்ப்பு

ஒரு கதவு மட்டும் மிச்சமிருந்தது. ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில் இருக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எனும் புகழ் மண்டபம். ஓய்வு பெற்று ஐந்து வருடங்கள் ஆனவர்கள் அதற்குத் தகுதி பெறுவார்கள். அடுத்த 20 வருடங்கள் வழக்கமான தேர்வில் அவர்கள் பெயர் இருக்கும். அதற்குள் தேர்வாகாவிட்டால், பழைய வீரர்களின் நீண்ட வரிசைக்குப் போய்விடும்.

மில்ஸுக்கு 2022-தான் அந்த இருபதாவது வருடம், கடைசி வாய்ப்பு. தேர்வானார்! அந்த ஆகஸ்டில் அவர் சார்பில் மேடையேறி நன்றி சொன்னவர் மனைவி மெலனி. கணவர் மறைந்து 17 வருடங்கள் ஆகியிருந்தன.

அந்த மண்டபத்தில் வீரர்களுக்கு வைப்பது மார்பளவுச் சிலைதான். எல்லாம் ஒரே மாதிரியான தட்டுகளில், வரிசையாக. ஆறரை அடி ராட்சதர்களின் முகங்களுக்கு நடுவே சாம் மில்ஸின் முகமும் இருக்கிறது. அங்கே யார் எத்தனை அடி உயரம் என்பது சிலையைப் பார்த்தால் தெரியாது.