பேஸ்பால் கணக்குகள் – 9: தோற்கும் அணியில் முதிய பேட்டர்

சாம்பியன் கனவைச் சில ஆண்டுகள் தள்ளி வைத்துவிட்டு, இளம் வீரர்களைக் கொண்டு அணியை அடியிலிருந்து கட்டும் நிர்வாகம், முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பேட்டரைக் காசு கொடுத்து எடுக்கலாமா? அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் ஏதாவது ஒரு நகரத்தில் இந்தக் கேள்வி எழுகிறது. 2022 மார்ச்சில் அது வாஷிங்டனில் எழுந்தது. 2019-இல் உலகத் தொடரை வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸ், 2021 ஜூலை இறுதியில் மேக்ஸ் ஷெர்சரையும் ட்ரே டர்னரையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கிக்கொண்டது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதே நிர்வாகம் 41 வயது நெல்சன் க்ரூஸை ஓராண்டுக்கு 1.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது.

இதில் முரண் இருப்பதுபோலத் தோன்றும். அது ஏன் நடக்கிறது என்று புரிய, அந்த விளையாட்டின் கொடுக்கல் வாங்கல் முறை தெரிய வேண்டும். அங்கே ஐ.பி.எல். போல ஏலம் கிடையாது. மேஜர் லீகுக்கு வந்த இளம் வீரர் சுமார் ஆறு சீசன் தன் அணியை விட்டு விருப்பப்படி வெளியேற முடியாது. முதல் சில ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குவார். 2022-இல் அந்தக் குறைந்தபட்சம் 7 லட்சம் டாலர். ஆகவே கட்டி எழுப்பும் அணிக்கு இளைஞர்தான் சொத்து. அந்தச் சொத்தைச் சேர்க்க ஒரு வழி, கையிலிருக்கும் மூத்த வீரரைக் கோப்பைக்குப் போட்டியிடும் அணிக்கு சீசன் நடுவில் கொடுத்து, பதிலுக்கு மைனர் லீக் இளைஞர்களைப் பெறுவது. இந்த டிரேடுகளுக்கு ஜூலை இறுதியை ஒட்டிக் கெடு உண்டு. 2019 முதல் அதற்குப் பிறகு பேரம் பேச ஏறக்குறைய வழியே இல்லை. முதிய பேட்டரை எடுக்கும் அணி, பெரும்பாலும் ஏப்ரலில் அவரை ஆடவைத்து ஜூலையில் விற்கும் எண்ணத்தோடுதான் எடுக்கிறது.

சரக்கு ஜூலை வரை தாங்குமா என்பதே முதல் சிக்கல். பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டருக்கும் இடையே 18.4 மீட்டர். மணிக்கு 153 கிலோமீட்டரில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். பேட்டர்கள் பொதுவாக இருபதுகளின் பின்பாதியில் உச்சத்தில் இருப்பார்கள். முதலில் கால் வேகம் குறையும். பந்தைத் தேர்ந்து விடும் பொறுமை நெடுநாள் நிற்கும், சிலருக்கு வயதோடு கூடவும் செய்யும். பலமும் ஓரளவு தாங்கும். மட்டை சுழலும் வேகம் குறையும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. வேகப்பந்துக்குத் தாமதமாகிவிடுவோம் என்று முதியவர் ஒரு கணம் முன்கூட்டியே சுழற்றத் தொடங்குவார். அப்படிச் சுழற்றுபவரை வெளியே வளைந்து இறங்கும் பந்து எளிதாக ஏமாற்றும். எதிரணி பிட்சர்கள் இதை ஓரிரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தச் சரிவு எல்லோருக்கும் மெல்ல வருவதில்லை. ஒரு குளிர்காலத்துக்கும் அடுத்த வசந்தத்துக்கும் இடையே திடீரென்று வந்துவிடும்.

க்ரூஸ் இந்த விதிக்கு நெடுங்காலம் விலக்காக இருந்தவர். டொமினிக்கன் குடியரசின் லாஸ் மடாஸ் டி சாண்டா க்ரூஸ் என்ற சிற்றூர்க்காரர். மற்றவர்கள் உச்சத்தைத் தொட்டுவிடும் 28 வயதில்தான் அவருக்கு முதல் முழு சீசன் வாய்த்தது. 2014-இல் பால்டிமோரில் ஓராண்டு ஒப்பந்தத்தில் 80 லட்சம் டாலருக்கு ஆடி 40 ஹோம் ரன் அடித்தார். பிறகு சியாட்டிலில் நான்கு ஆண்டுகள் 44, 43, 39, 37. மொத்தம் 163. அந்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டபோது வயது 34. மினசோட்டா ட்வின்ஸுக்காக 2019-இல் 120 ஆட்டத்தில் 41 ஹோம் ரன் அடித்தபோது 39-ஐத் தொட்டுவிட்டார். இத்தகையவர்களைப் பார்த்தே முதியவர்கள் இன்னும் ஆடுவார்கள் என்ற நம்பிக்கை வளர்கிறது. ஆனால் 40 வயதில் களத்தில் தெரிபவர்கள் சலித்து மிஞ்சியவர்கள். அவர்களோடு தொடங்கிய பலர் 33-லும் 35-லும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் சராசரியை வைத்து அடுத்த முதியவருக்கு விலை பேசுவது, இத்தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

2021 ஜூலை 22-இல் நடந்த ஒரு பேரம் அந்த நம்பிக்கையை இன்னும் உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டு தடுமாறிக்கொண்டிருந்த ட்வின்ஸ், 41 வயதாகியிருந்த க்ரூஸை டாம்பா பே ரேஸுக்கு அனுப்பி இரண்டு பிட்சர்களைப் பெற்றது. அவர்களில் ஒருவர் ஜோ ரயன். அப்போது மைனர் லீகில் இருந்தவர், செப்டம்பரிலேயே மேஜர் லீகில் இறங்கினார். அடுத்த ஆண்டு 13 ஆட்டங்களை வென்றார். 2025-இல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். டாம்பாவில் க்ரூஸின் பேட்டிங் சராசரி 0.226 தான். கோப்பையும் கிட்டவில்லை. இரண்டரை மாத வாடகைக்குப் போன ஒரு முதியவருக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் நிற்கும் தொடக்க பிட்சர் ஒருவர் கிடைத்ததால், இது மூத்த பேட்டரை வாங்கி விற்கும் உத்திக்குப் பாடமாகவே சொல்லப்பட்டது.

நேஷனல்ஸ் அதே பாடத்தைப் படித்தது. சூழ்நிலையும் ஒத்துழைத்தது. 2022 முதல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் விதி நிரந்தரமாக வந்தது. ஃபீல்டிங் செய்யாமல், பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவர். ஓடவும் பிடிக்கவும் முடியாத முதியவருக்கென்றே அளவெடுத்ததுபோன்ற அந்த இடம், ஒரே நாளில் 15 அணிகளில் காலியானது. க்ரூஸுக்கு 2022 சம்பளம் 1.2 கோடி டாலர். அடுத்த ஆண்டு வேண்டாம் என்றால் விலகல் தொகை 30 லட்சம்.

அவர் 124 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 0.234, ஹோம் ரன் 10. முந்தைய ஆண்டு இரு அணிகளுக்குமாக 32 அடித்தவர் அவர். அவருக்குக் கண்ணில் தொல்லை இருந்தது, சீசன் முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூலைச் சந்தையில் அவர் விலைபோகவில்லை. ஆகஸ்ட் 2-இல் நிர்வாகம் அணியின் இளம் நட்சத்திரமான ஹுவான் சோட்டோவையே சான் டியேகோவுக்கு அனுப்பியது. க்ரூஸ் வாஷிங்டனிலேயே இருந்தார். அணி 107 ஆட்டங்களில் தோற்றது. வாஷிங்டனுக்கு வந்த 2005-லிருந்து அந்தக் கழகம் கண்ட மிக மோசமான சீசன் அது.

இங்கே பெரும்பாலோர் 1.5 கோடி டாலரைத்தான் இழப்பாக எண்ணுவார்கள். சம்பளச் சுமையைக் குறைத்துவிட்ட அணிக்கு ஓராண்டுப் பணம் பெரிய புண் இல்லை. உண்மையான செலவு பேட்டிங் வாய்ப்பு. ஒரு சீசனில் ஓர் இடத்துக்குச் சுமார் 650 முறை மட்டை பிடிக்கக் கிடைக்கும். க்ரூஸ் ஒருவரே சுமார் 500 எடுத்துக்கொண்டார். எந்த இளைஞர் தேறுவார், எவர் தேறமாட்டார் என்று அறிய அந்த வாய்ப்புகளைத் தவிர வேறு கருவி இல்லை. ஒருமுறை போன சீசன் திரும்பாது.

இதற்குச் சான்று அதே அணியிலேயே இருந்தது. மெக்சிகோவின் குலியாகானைச் சேர்ந்த ஜோயி மெனேசெஸ், பத்தாண்டுக்கு மேல் மைனர் லீகுகளில் அலைந்தவர், இடையில் ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்கும் ஆடியவர். சோட்டோ போன அன்று மெனேசெஸ் 30 வயதில் முதன்முறையாக மேஜர் லீகில் இறங்கி அன்றே ஹோம் ரன் அடித்தார். மிச்சமிருந்த இரண்டு மாதத்தில் 56 ஆட்டம், சராசரி 0.324, ஹோம் ரன் 13. க்ரூஸ் ஆண்டு முழுவதும் அடித்ததைவிட மூன்று அதிகம். மெனேசெஸ் அந்த உயரத்தில் நிலைக்கவில்லை. 2023-இல் 154 ஆட்டங்களில் மறுபடி 13 தான். ஆனாலும் ஏப்ரலிலேயே அவரை இறக்கியிருந்தால், அவர் யார் என்பது ஜூலைக்குள் தெரிந்திருக்கும். அப்போதைய விலைக்கு விற்கவும் முடிந்திருக்கும். முதியவரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அந்த இடத்துக்குக் காத்திருப்பவர் யார்?

முதியவரால் இளைஞர்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டலும் கணக்கில் வர வேண்டும், அதை அளக்க வழியில்லாவிட்டாலும். க்ரூஸ் ஆட்டத்துக்கு முன் தவறாமல் பகல் தூக்கம் போட்டவர். அவரால் ட்வின்ஸ் அணியில் அதற்கென்று ஓர் அறையே ஏற்பட்டது. ஆறு மாதம் ஏறக்குறைய நாள்தோறும் நடக்கும் ஆட்டத்தில் உடலைக் காப்பது எப்படி என்பதை ஓர் இருபத்திரண்டு வயதுக்காரர் இத்தகையவரைப் பார்த்துத்தான் கற்கிறார். சொந்த ஊருக்குத் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் டொமினிக்கன் இளைஞர்களிடம் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. 2021-இல் ராபர்ட்டோ க்ளெமெண்டே விருது அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். இதெல்லாம் மெய்யான பயன். ஆனால் இதை மட்டுமே காரணமாகக் காட்டி 500 வாய்ப்புகளைக் கொடுப்பது மிகை.

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 2023 சீசனுக்கு இரண்டு முதிய பேட்டர்களை எடுத்தது. இரண்டும் இரு வேறு கணக்கு. முந்தைய ஆண்டு 100 ஆட்டம் தோற்ற அணி அது. முதல் பேஸில் நம்பகமான ஃபீல்டர் இல்லை. 36 வயது கார்லோஸ் சாண்டானாவை 67 லட்சம் டாலர் அளவில் எடுத்தார்கள். அந்த ஆண்டு முதல் ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவித்து நிறுத்துவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த வியூகத்தால் மிகவும் பாதிக்கப்பட்டவர்களில் சாண்டானா ஒருவர். முதியவரின் திறன் மாறாமலே மதிப்பு கூடக்கூடிய அரிய சந்தர்ப்பம் அது. ஜூலை 27-இல் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்து 18 வயது ஜானி செவரினோவைப் பெற்றார்கள். நடுத்தர லாபம்தான், ஆனால் திட்டமிட்டபடி நடந்தது.

மற்றவர் ஆண்ட்ரூ மெக்கச்சன், 2013-இல் பிட்ஸ்பர்கில் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்றவர். 2018-இல் விற்கப்பட்டு, 36 வயதில் 50 லட்சம் டாலருக்குத் திரும்பி வந்தார். ஏப்ரலில் சொந்த மைதானத்தில் அவர் முதன்முறை மட்டை பிடிக்க வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. அவ்வாண்டு அவர் அவுட்டாகாமல் பேஸை எட்டிய விகிதம் 0.378. வேகம் போனபின்னும் பொறுமை நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம். 2022-இல் சுமார் 12.5 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டியது. அணியின் நல்ல தொடக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. அவரை விற்கவில்லை. தோல்விக்கே பழகிப்போன ஊருக்கு மைதானத்துக்கு வர ஒரு காரணம் கொடுத்ததே போதுமான ஈடு. அந்த ஊரின் பழைய நாயகனாக இல்லாத முதியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆண்டுகளின் எண்ணிக்கை டாலரைவிட ஆபத்தானது என்பதற்கு டெட்ராய்ட் போதும். மிகெல் கப்ரேராவுக்கு 2014-இல் எழுதிய 24.8 கோடி டாலர் நீட்டிப்பு, 2016 முதல் 2023 வரை எட்டு ஆண்டுகள் ஓடியது. 2017-இல் அணி முன்னணி வீரர்களை விற்று, அடியிலிருந்து கட்டத் தொடங்கியது. 2019-இல் 114 தோல்வி. மூவாயிரமாவது ஹிட்டை அங்கேயே அடித்த மாபெரும் வீரர் அவர். ஆனாலும் சரிந்த பின்னரும் அவரது இடம் காலியாகவில்லை.

முதியவரால் நாலைந்து வெற்றி கூடி, புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்னிடம் பறிபோகும் என்றும் ஒரு வாதம் உண்டு. 2022 டிசம்பரில் முதல் இடங்களுக்குக் குலுக்கல் முறை வந்தபின் அதன் வலு குறைந்துவிட்டது. அதிகம் தோற்ற நேஷனல்ஸுக்கு இரண்டாம் இடமே விழுந்தது. முதலிடம் பெற்ற பைரட்ஸ் பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொண்டது.

நேஷனல்ஸ் அடுத்தடுத்துச் செய்தது கவனிக்கத்தக்கது. 2023-இல் டெட்ராய்ட் கைவிட்ட 29 வயது ஜெய்மர் காண்டெலாரியோவை 50 லட்சத்துக்கு எடுத்து, 16 ஹோம் ரன்னுக்குப் பின் ஜூலை 31-இல் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து டி.ஜே. ஹெர்ஸ் என்ற இடக்கை பிட்சரையும் இன்னொருவரையும் பெற்றது. 2024-இல் ஜெஸ்ஸி விங்கரையும் 32 வயது எடி ரொசாரியோவையும் அணியில் இடம் உறுதியில்லாத மைனர் லீக் ஒப்பந்தத்தில் அழைத்தது. விங்கர் நன்றாக ஆடினார்; ஜூலை இறுதியில் நியூயார்க் மெட்ஸுக்குப் போனார், பதிலுக்கு ஒரு பிட்சர் வந்தார். ரொசாரியோ சோபிக்கவில்லை. சோட்டோவுக்கு ஈடாக வந்தவர்களில் ஒருவரான 21 வயது ஜேம்ஸ் வுட் ஜூலை 1-இல் மேஜர் லீகுக்கு அழைக்கப்பட்டபோது, அணியில் அவருக்கு இடம் கொடுக்க ரொசாரியோ நீக்கப்பட்டார்.

(தொடரும்)