கடலைத் தாண்டியவர்கள், தேதியைத் தாண்டவில்லை

2022 மார்ச் 22. தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் ஆறு பேர் குழந்தைகளோடு தவித்துக்கொண்டிருந்தார்கள். ரோந்துக் கப்பலுக்குப் பயந்து படகோட்டிகள் கரைவரை வருவதில்லை. திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கடலோரக் காவல் படை அவர்களை மீட்டது. இலங்கையின் பொருளாதார வீழ்ச்சி துரத்திவிட்ட முதல் கோஷ்டி இது. பாஸ்போர்ட் இல்லை என்று வழக்கு. பிறகு மண்டபம் முகாம்.

முகாமில் எல்லோரும் அவர்களை அகதிகள் என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஆவணமின்றி நுழைந்த அயல்நாட்டார்.

2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தொலைவில்தான், என்றாலும் இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் சிறு ஆறுதல். 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. விலக்குதான், குடியுரிமை அல்ல.

முகாமில் பிறந்தவர்களுக்கோ வேறு தேதி. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மணல் திட்டில் இறங்கியவர்களுக்கு இந்தத் தேதிகள் எதுவும் உதவாது. அவர்கள் ஏழு ஆண்டு பிந்திவிட்டார்கள்.