பட்டமும் படிவரிசையும்

பட்டம் பெற்றுவிட்டால் அரசு வேலைக்குத் தகுதி வந்துவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன். எங்கள் மாப்பிள்ளையூரணியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேர்ந்தது அவ்வெண்ணத்தை மாற்றிற்று. பத்தாம் வகுப்போடு உப்பள வேலைக்குச் சென்ற அவர், பின்னாளில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே சேர்ந்து பி.ஏ. தேறினார். அரசுப் பணிக்கு விண்ணப்பித்தபோது, "பிளஸ் டூ இல்லை" என்று திருப்பிவிட்டார்கள்.

காரணம் என்ன? முன்பு பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் முடித்தே பட்டப்படிப்பில் சேர்ந்தனர். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. முறை மாறினாலும் பட்டத்திற்கு முன் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு மாறவில்லை. பள்ளிப் படிப்பை இழந்தோருக்காகத் திறந்தநிலைச் சேர்க்கை அக்கணக்கைத் தளர்த்தியது. அரசுப் பணி விதியோ தளரவில்லை. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்னும் வரிசையில் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லுபடியாகும் என்று தமிழக அரசு 2009 ஆகஸ்டில் ஆணையிட்டது.

ஆக, படிப்பில் சேர்த்துக்கொள்வது வேறு. வேலைக்கு ஏற்றுக்கொள்வது வேறு. மாணவ நண்பர்களே, படிப்பை இடையில் விட்ட தம்பி தங்கையரிடம் சொல்லுங்கள்: முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதட்டும், பிறகு பட்டத்திற்குச் செல்லட்டும். அக்காவின் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். அதற்குரிய வேலையும் கிடைத்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.