நகையை அடகு வைக்கும் முன்னே...

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் கை முதலில் போவது கழுத்துச் சங்கிலிக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே!

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருமே பட்டதாரி இல்லையா? இ-சேவை மையத்தில் 'முதல் பட்டதாரி' சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். கவுன்சலிங் மூலம் இன்ஜினீயரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணா? 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வழியே விண்ணப்பிக்கணும். பையன்களுக்கு 2024-ல் வந்தது தமிழ்ப் புதல்வன்.

இன்னும் பற்றவில்லையா? வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால், அது குட்டி போடாது.

வருமானச் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி நேர அலைச்சல் மிச்சம்!