சொந்த விமானம்: ஓடுபாதை மைசூரில், முட்டுக்கட்டை தில்லியில்

புதுதில்லி:

மைசூரு நகரின் மேற்கே நான்கு கட்டங்களாக விரிந்துள்ள குடியிருப்புப் பகுதி விஜயநகர். வாசலில் கார் நிற்காத வீடு அங்கு அரிது. அத்தகைய வீட்டுக்காரர் ஒருவர் சொந்தமாகச் சிறு விமானம் வாங்கி, தாமே ஓட்டிச் செல்ல விரும்பினால் இயலுமா? சட்டம் அதற்குத் தடை சொல்லவில்லை. நகருக்குத் தெற்கே, நஞ்சன்கூடு சாலையில் மண்டகள்ளி விமான நிலையம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானம் 1940-களில் அமைத்த அந்த ஓடுதளம், புதுப்பிக்கப்பட்டு 2010-ல் மீண்டும் திறக்கப்பட்டது.

அதன் ஓடுபாதை 1,740 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு இது போதாது; நீட்டிக்க வேண்டுமென்றால் தேசிய நெடுஞ்சாலை குறுக்கே நிற்கிறது. ஆகவே மைசூரு விமான நிலையம் என்றாலே தில்லியில் நிலம் கையகப்படுத்தலும் நீட்டிப்பும்தான் பேசப்படும். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்துக்கோ அரை கிலோமீட்டர் இருந்தால் போதும். ஆக, விஜயநகர்வாசிக்கு ஓடுபாதையால் தொல்லை இல்லை. தொல்லை தொடங்குவது தலைநகரின் அலுவலகங்களில்.

முதலில் உரிமம். தனியார் விமானி உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு ஆகியவை வேண்டும். விமான விதிகள், வழியறிதல், வானிலை குறித்த தேர்வுகள் உண்டு. இவற்றை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தியது. ஆனால் வானொலியில் கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவதற்கான சான்றிதழைத் தொலைத்தொடர்புத் துறை வழங்கி வந்தது. ஒரே விமானிக்கு இரு துறைகள். மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் அசையாத இந்த ஏற்பாட்டை மாற்றுவதற்கு ஒரு புதிய சட்டமே தேவைப்பட்டது.

அச்சட்டம்தான் பாரதீய வாயுயான் அதிநியம். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் 21 முறை திருத்தப்பட்ட பின், அதற்கு மாற்றாக 2024 ஜூலை 31-ல் மக்களவையில் அறிமுகமாகி, ஆகஸ்ட் 9-ல் அங்கும், டிசம்பர் 5-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொலைபேசிச் சான்றிதழ் இயக்குநரகத்துக்கு மாறியது இதன் வழியாகத்தான். விமான வடிவமைப்பும் முதன்முறையாகச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. ஆயினும் விவாதத்தில் பெரும் நேரத்தை எடுத்துக்கொண்டது சட்டத்தின் பெயர். இந்தி பேசாத மாநிலங்களின் உறுப்பினர்கள், தி.மு.க.வினர் உட்பட, அந்தப் பெயரை எதிர்த்தனர். எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் அந்தப் பரபரப்பில் இன்னொரு கேள்வி போதிய கவனம் பெறாமல் போயிற்று. இயக்குநரகத்தின் உத்தரவை எதிர்த்து மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்; அரசின் முடிவே இறுதியானது. தொலைத்தொடர்புத் துறைக்கு இருப்பதைப் போன்ற சுயேச்சையான ஒழுங்காற்று ஆணையம் வானத்துக்கு இல்லை.

அது எத்தகைய சுமை என்பதை மும்பை விமானி அமோல் யாதவின் கதை சொல்லும். காந்திவலியில் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டியவர் அவர். 2011-ல் பதிவு கோரி விண்ணப்பித்தார். 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அந்த விமானம் கூட்டத்தை ஈர்த்தது. பதிவு கிடைத்ததோ 2017-ல். விமானத்துக்கு வழங்கப்பட்ட எழுத்துகள் வி.டி.-என்.எம்.டி.; பிரதமர், மாநில முதல்வர் இருவரின் பெயர்களையும் நினைவூட்டும் வகையில் அவை கேட்டுப் பெறப்பட்டன. தலைவர்களின் பெயர் சூட்டினால்தான் கோப்பு நகரும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

வாங்குவதைவிடப் பராமரிப்பதே கடினம். விமானம் காரைப் போல் மூடிப்போட்டு நிறுத்தி வைக்கக்கூடியது அன்று. ஓடாத எஞ்சினின் உருளைகளில், மழைக்கால ஈரம் உள்ளிருந்தே துருவேற்றும். ஆதலால் பறக்காத விமானமே அதிகச் செலவு வைக்கும். ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம், நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை விரிவான சோதனை, ஆண்டுதோறும் பறக்கும் தகுதிக்கான மறு ஆய்வு, இவை அனைத்திலும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். செஸ்னாவில் பொருத்தப்படும் லைகமிங் எஞ்சினை 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். எது முந்துகிறதோ அது. வார இறுதிகளில் மட்டும் பறப்பவருக்கு ஆண்டுக் கணக்கே முந்தும்.

எரிபொருளும் வேறு. ஜெட் விமானங்கள் குடிக்கும் எரிபொருளை இந்தச் சிறு எஞ்சின்கள் ஏற்கா. 'ஏவ்காஸ்' எனும் தனிப் பெட்ரோல் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா ஆலையில் தயாரித்த ஏவ்காஸை அறிமுகம் செய்தது. புறப்படும் முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்து, நீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது விமானியின் அன்றாடக் கடமை. பயணத் திட்டத்துக்கான எண்ணும், விமானப் படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெறாமல் சக்கரம் தரையை விட்டு எழும்பாது.

இத்தனைக்கும் மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு. உல்லாசப் படகும் இனிப்புச் சோடாவும் இதே பட்டியலில்தான். செல்வந்தரிடம் வசூலிப்பதில் தவறில்லை. ஆனால் கோடீஸ்வரரின் ஜெட்டையும், நால்வர் சேர்ந்து வாங்கும் பழைய செஸ்னாவையும் ஒரே தராசில் வைப்பது வியப்பளிக்கிறது.

தலைநகரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் இயங்குவது சப்தர்ஜங் விமான நிலைய வளாகத்தில். தில்லி பறத்தல் மன்றத்தின் விமானங்கள் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் கிளம்பின. 1980 ஜூன் 23-ல் சஞ்சய் காந்தி சாகச விமானம் விழுந்து இறந்ததும் அங்கிருந்து புறப்பட்டபோதே. பாதுகாப்புக் காரணங்களால் அங்கு சிறு விமானங்கள் பறப்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

அமைச்சகத்தின் கீழ் உள்ள இயக்குநரகத்தின் நிலையை நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் எடுத்துக் காட்டியது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063, நிரப்பப்பட்டவை 553. ஆமதாபாத் விபத்துக்குப் பின் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை பெரிய விமானங்களின் பாதுகாப்பை எண்ணியே எழுதப்பட்டது. மண்டகள்ளியில் நிற்கும் சிறு விமானத்தின் கோப்பும் அதே மேசைகளுக்குத்தான் வர வேண்டும்.