ஓ. வி. அழகேசன்

ஓ. வி. அழகேசன் (1911–1992) செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காங்கிரசு அரசியல்வாதி. நேரு, சாஸ்திரி ஆகியோரின் ஆட்சியில் நடுவண் அமைச்சராக இருந்தவர். காஞ்சிபுரமும், குடவோலைக் கல்வெட்டுக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூரும் அக்காலத்தில் இம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இவர் இந்திய அரசியல் நிர்ணய மன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

அரியலூர் விபத்து

1952 இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியில் வென்ற அழகேசன், ரயில்வே துணை அமைச்சரானார். துறையின் அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்திருந்த நிலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விபத்துக்குப் பொறுப்பேற்றுச் சாஸ்திரி பதவி விலகினார்.

சாஸ்திரியின் விலகல் அவருடைய மதிப்பை உயர்த்தியது. அழகேசனுக்கோ அவ்விபத்து பெரும் சுமையாயிற்று. 1957 தேர்தலில் அவருடைய பெயரை அரியலூருடன் இணைத்துத் தி.மு.க. முழக்கம் எழுப்பியது. செங்கல்பட்டில் சுயேச்சை வேட்பாளரான அ. கிருஷ்ணசாமியிடம் அவர் தோற்றார்.

1965: பதவி விலகல் கடிதம்

1962 இல் அதே தொகுதியில் மீண்டும் வென்று, பின்னர் பெட்ரோலியம், வேதிப்பொருள் துறையின் இணை அமைச்சரானார். 1965 சனவரி 26 முதல் இந்தி நாட்டின் ஆட்சிமொழியாக நடைமுறைக்கு வரவிருந்ததை எதிர்த்துத் தமிழகத்தில் மாணவர்கள் போராடினர். துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தனர், சிலர் தீக்குளித்தனர். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு அளித்திருந்த உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் தரவேண்டும் என்பது முக்கிய கோரிக்கை.

பிப்ரவரி 11 அன்று உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அழகேசனும் பதவி விலகினர். கடிதங்களைப் பெற்ற பிரதமர், 1956 இல் தாமே பதவி விலகிய சாஸ்திரி. குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் விலகலை ஏற்கவில்லை. அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார். இருவரும் பதவியில் தொடர்ந்தனர்.

அந்த உறுதிமொழி 1967 இன் ஆட்சிமொழிகள் திருத்தச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. அதற்குள், 1967 தொடக்கத்தில் நடந்த தேர்தலில் தமிழகத்தில் காங்கிரசு ஆட்சியை இழந்திருந்தது. மொழிப் போராட்டத்தின் சீற்றம் அத்தோல்விக்கு ஒரு முக்கிய காரணம்.

பிற்காலம்

அழகேசன் 1968 முதல் 1971 வரை எத்தியோப்பியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். பின்னர் 1971 இல் திருத்தணியிலிருந்தும் 1977 இல் அரக்கோணத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.